பைத்தான் லிஸ்டில் தேட எது சரி? இன், இண்டெக்ஸ், நெக்ஸ்ட், ஃபில்டர், செட்: ஓர் ஒப்பீடு

பைத்தான் நிரல்மொழியில் ஒரு லிஸ்டுக்குள் (உறுப்புகளின் வரிசை) தேட ஏழெட்டு வழிகள் இருக்கின்றன. எதை எடுப்பது என்பது தேடலிலிருந்து நமக்கு என்ன வேண்டும் என்பதைப் பொறுத்தது: இருக்கிறதா என்ற பதில் மட்டுமா, முதலில் பொருந்தும் உறுப்பா, அது இருக்கும் இடமா, பொருந்துகிற எல்லாமுமா? இதில் குழம்பினால் நிரல் எந்த எரரும் காட்டாமல் தப்பான விடையைத் தந்துகொண்டே இருக்கும். கீழே உள்ளவை பைத்தான் 3-க்கானவை.

இருக்கிறதா, இல்லையா: இன், எனி

நேரடிச் சமத்துவத்துக்கு "இன்" போதும். முதல் உறுப்பிலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிடும், பொருந்தியதும் நின்றுவிடும். இதே கேள்விக்குச் சிலர் கவுன்ட் எடுத்து, அது 0-ஐ விடப் பெரியதா என்று பார்க்கிறார்கள். முதல் உறுப்பே பொருந்தினாலும் கவுன்ட் கடைசி வரை போய்த்தான் திரும்பும்.

"இன்" காலை வாரும் இடங்கள் இரண்டு. சிஎஸ்வி கோப்பிலிருந்து (காற்புள்ளியால் பிரித்த உரைக் கோப்பு) வந்த 10 ஒரு ஸ்ட்ரிங், அதாவது எழுத்துத் தொடர். லிஸ்டில் இருப்பது எண் 10. இரண்டும் சமம் ஆகாது, எரரும் வராது. அடுத்தது டியூப்பிள், அதாவது மாற்ற முடியாத உறுப்பு வரிசை. ("மதுரை") என்று ஒற்றை உறுப்பை அடைப்புக்குறிக்குள் எழுதி, பின்னால் காற்புள்ளி போடாவிட்டால் அது வெறும் ஸ்ட்ரிங். அதில் "மது" இருக்கிறதா என்று கேட்டால் "இன்" ட்ரூ என்று சொல்லும், ஏனென்றால் ஸ்ட்ரிங்குக்குள் அது துண்டையும் தேடும். ("மதுரை",) என்று எழுதினால் ஃபால்ஸ்.

நிபந்தனையோடு தேட "எனி". அதற்குள் ஜெனரேட்டரைக் (கேட்கக் கேட்க ஒவ்வோர் உறுப்பாகத் தருவது) கொடுங்கள். சதுர அடைப்புக்குறி போட்டால் முழு லிஸ்டும் முதலில் உருவாகிவிடும், பாதியில் நிற்கும் லாபம் போய்விடும்.

முதலில் பொருந்துவது: இண்டெக்ஸ், நெக்ஸ்ட்

இண்டெக்ஸ் இடத்தைத் தரும், இல்லையென்றால் வேல்யூஎரர். அதற்குப் பயந்து முதலில் "இன்", பிறகு இண்டெக்ஸ் என்று எழுதினால் ஒரே லிஸ்டை இரண்டு தடவை ஓட்டுகிறோம். எரர் எழுந்தால் பிடித்துக்கொள்ளும் ட்ரை–எக்செப்ட் போதும். ஸ்ட்ரிங்கில் இருக்கும் ஃபைண்ட் லிஸ்டில் கிடையாது.

ஃபார் லூப்புக்குள் இண்டெக்ஸை அழைப்பது பரவலான தவறு. "அரிசி", "பருப்பு", "அரிசி" என்ற லிஸ்டில் மூன்றாவது உறுப்புக்கும் அது 0 என்றே சொல்லும். இடமும் உறுப்பும் சேர்ந்து வேண்டுமானால் எனுமரேட்.

நிபந்தனைக்குப் பொருந்தும் முதல் உறுப்புக்கு ஜெனரேட்டரை நெக்ஸ்டிடம் கொடுப்பதைவிட நல்ல வழி இல்லை. இரண்டாவது ஆர்க்யுமென்டாக டீஃபால்ட் (எதுவும் கிடைக்காவிட்டால் திரும்ப வேண்டிய மதிப்பு) கட்டாயம் கொடுங்கள். அது இல்லாமல், எதுவும் பொருந்தாதபோது ஸ்டாப்இட்டரேஷன் எழும். ஜெனரேட்டர் ஃபங்ஷனுக்குள் இது நடந்தால் 3.7 முதல் ரன்டைம்எரராக மாறிவிடும். டீஃபால்ட் கொடுக்கும்போது ஜெனரேட்டருக்குத் தனி அடைப்புக்குறி வேண்டும், இல்லையேல் சின்டாக்ஸ் எரர். லிஸ்டிலேயே நன் ('எதுவும் இல்லை' என்பதற்கான மதிப்பு) ஓர் உறுப்பாக இருக்கலாம் என்றால், நன்னை டீஃபால்டாக வைக்காதீர்கள். அதற்கென்று ஒரு வெற்று ஆப்ஜெக்ட் உருவாக்கி, அதே ஆப்ஜெக்ட்தானா என்று பார்க்கும் "இஸ்" கொண்டு சோதியுங்கள்.

பொருந்தும் எல்லாம்: காம்ப்ரிஹென்ஷன், ஃபில்டர்

காம்ப்ரிஹென்ஷனையே (சதுர அடைப்புக்குறிக்குள் ஃபாரும் இஃபும் எழுதிப் புது லிஸ்ட் கட்டுவது) எடுங்கள். ஃபில்டர் தருவது லிஸ்ட் அல்ல, இட்டரேட்டர், அதாவது உறுப்புகளை ஒவ்வொன்றாகத் தருவது. நீளம் அறிய லென் போட முடியாது. ஒரு தடவை ஓட்டினால் தீர்ந்துவிடும், இரண்டாம் தடவை காலி. எல்லாவற்றையும்விட மோசம், ஃபில்டரின் விளைவை இஃபில் வைத்து "ஏதாவது கிடைத்ததா" என்று சோதிப்பது. ஒன்றுமே பொருந்தாவிட்டாலும் அந்த ஆப்ஜெக்ட் எப்போதும் ட்ரூதான். பைத்தான் 2-இல் ஃபில்டர் லிஸ்டையே தந்ததால், பழைய நிரல்களைக் கொண்டுவரும்போது இது அடிக்கடி சிக்கும்.

தமிழ்ச் சொற்களைத் தேடும்போது

எந்த வழியை எடுத்தாலும் இங்கே அடிவாங்கும். "கொ" என்பதை க-வும் ஒற்றை ஒகரக் குறியும் சேர்த்து 2 குறியீடுகளாகச் சேமிக்கலாம். க, எகரக் கொம்பு, கால் என்று 3 ஆகவும் சேமிக்கலாம். திரையில் ஒன்றுபோல் தெரியும், சமச் சோதனையில் தோற்கும். யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸை என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும்) வடிவத்தில் லிஸ்டுக்கும் தேடும் சொல்லுக்கும் போட்டுவிட்டு ஒப்பிடுங்கள். ஔ என்பதற்கு ஒ, ள என இரண்டு எழுத்தாகத் தட்டியதை மட்டும் இது சரிசெய்யாது. அதைத் தனியாக மாற்ற வேண்டும்.

சொல் எதில் தொடங்குகிறது என்று பார்க்கும் ஸ்டார்ட்ஸ்வித்தில் "க" கொடுத்தால் "கல்" மட்டுமல்ல, "கிளி", "கூடு" எல்லாம் வரும். உயிர்க்குறி க-வுக்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது.

ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (எழுத்துகளின் வடிவத்தைச் சொல்லித் தேடும் முறை) இன்னும் சிக்கல். பைத்தானோடு வரும் மாட்யூலில் 'ஏதாவது ஓர் எழுத்து' என்பதைக் குறிக்கும் பின்சாய்கோடு டபிள்யூ உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக எண்ணாது. அதில் கூட்டல்குறி போட்டு "தமிழ்" என்ற சொல்லை ஃபைண்ட்ஆல் செய்தால் "தம", "ழ" என்று இரண்டு துண்டு கிடைக்கும். அதற்குப் பதில் [ஃ-௺]+ என்று வீச்சைக் கொடுத்தால் சொல் முழுதாக வரும். மேட்ச் சொல்லின் தொடக்கத்தில் மட்டும் பார்க்கும், சர்ச் எங்கும் பார்க்கும், முழுச் சொல்லும் பொருந்த ஃபுல்மேட்ச். பயனர் தட்டியதை அப்படியே பேட்டர்னில் வைக்காமல் எஸ்கேப் செய்யுங்கள், அதாவது சிறப்புக் குறிகளைச் சாதாரண எழுத்தாக்குங்கள்.

பல தடவை தேடினால்: செட், பைசெக்ட்

1 லட்சம் உறுப்புள்ள லிஸ்டில் இல்லாத 10,000 சொற்களை "இன்" கொண்டு தேடினால் 100 கோடி ஒப்பீடு. அதைச் செட்டாக (ஒவ்வோர் உறுப்பும் ஒரே தடவை இருக்கும் தொகுப்பு) மாற்றினால் ஒவ்வொரு தேடலும் சராசரியில் அளவைச் சாராத நேரத்தில் முடியும். செட்டை லூப்புக்கு வெளியே ஒரே தடவை கட்ட வேண்டும். உள்ளே கட்டினால் முன்பைவிட மெதுவாகும். வரிசையும் இரட்டிப்புகளும் போய்விடும். உறுப்புகள் லிஸ்டாகவோ டிக்‌ஷனரியாகவோ இருந்தால் டைப்எரர். ஒரே ஒரு தேடலுக்குச் செட் வீண், கட்டுவதற்கே முழு லிஸ்டையும் ஓட்ட வேண்டும்.

பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் பைசெக்ட் வரிசைப்படுத்திய லிஸ்டுக்கு மட்டும். 1 லட்சத்தில் 17 ஒப்பீடு போதும். "இத்தனைக்கும் இத்தனைக்கும் நடுவில்" என்ற தேடலுக்கு இதுதான் சரி, செட்டால் அது முடியாது. ஆனால் பைசெக்ட்_லெஃப்ட் சொல்வது செருக வேண்டிய இடம். அந்த இடம் லிஸ்டின் நீளத்துக்குள் இருக்கிறதா, அங்கே இருப்பது நாம் தேடியதுதானா என்று நாமே பார்க்க வேண்டும். வரிசை தப்பியிருந்தாலும் எரர் வராது. தமிழ் அகராதி வரிசையில் அடுக்கிய சொற்களில் இது நிச்சயம் தவறும்: யூனிகோடில் ன ப-வுக்கு முன்னாலும் ஜ ச-வுக்கு அடுத்தும் வருகின்றன. சார்ட் செய்த அதே ஒழுங்கில் தேடுங்கள். கீ ஃபங்ஷன் (எதை வைத்து வரிசைப்படுத்துவது என்று சொல்வது) வைத்து சார்ட் செய்திருந்தால் 3.10 முதல் பைசெக்டுக்கும் அதே கீயைக் கொடுக்கலாம். அது உறுப்புகளுக்கு மட்டுமே பொருந்தும், தேடும் மதிப்பைக் கீயில் போட்டெடுத்துத்தான் தர வேண்டும்.