1.52 என்ற எண்ணை நம்பி 40,000 ரூபாய் கொடுத்தேன்

கோத்தகிரிப் பக்கம் சரிவில் வீடு கட்டப்போகிறவர்கள் சாயில் ரிப்போர்ட்டுக்குப் பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் மனை சுமார் 30 டிகிரி சரிவு. பின்பக்கம் மண்ணை வெட்டித் தடுப்புச்சுவர் எழுப்ப வேண்டும். சமவெளியிலிருந்து வந்த கன்சல்டன்ட் 40,000 வாங்கிக்கொண்டு, ஏப்ரல் மாதத்தில் மண்ணைச் சோதிக்க ஒரே ஒரு போர் (துளை) போட்டார். அதுவும் லாரி ஏற வசதியான மேல் சமதளத்தில். பத்தே நாளில் ஸ்பைரல் போட்ட ரிப்போர்ட் வந்தது: சேஃப்டி ஃபேக்டர் (சரிவு சறுக்காமல் நிற்குமா என்று சொல்லும் எண்) 1.52, 'நிலத்தடி நீர் காணப்படவில்லை'. நிரந்தரச் சரிவுக்குப் பொதுவாகக் கேட்பது 1.5. அளவெடுத்துத் தைத்த மாதிரி 1.52. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நவம்பர் மழையில் மேல்விளிம்பில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. ரிப்போர்ட்டை நம்பிக் கட்டிய சுவர் வயிறு தள்ளி நின்றது. தண்ணீர் வடிய டிராயிங்கில் ஒரு ஓட்டைகூடக் கிடையாது. 2009 நவம்பரில் நிலச்சரிவுகளுக்கு 40 பேருக்கு மேல் பறிகொடுத்த மலை இது. அன்றிரவே அம்மாவைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டோம்.

தெரிந்த ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "தம்பி, இதுல தண்ணி எங்கப்பா?" என்றார். மண்ணைப் பிடித்து வைக்கும் வலுவை, கீழே இழுக்கும் விசையால் வகுத்தால் கிடைப்பதுதான் இந்த எண்; 1-க்குக் கீழே போனால் சரிவு நிற்காது. ரிப்போர்ட்டில் ஒட்டுத்திறன் (மண் தானாக ஒட்டி நிற்கும் வலு) 14 கிலோபாஸ்கல், உராய்வுக் கோணம் (துகள்கள் ஒன்றோடொன்று உரசித் தாங்கும் வலுவின் அளவு) 28 டிகிரி. சறுக்குதளம் 3 மீட்டர் ஆழம் என்றால், காய்ந்த மண்ணுக்கு 1.52 சரிதான். அதே சரிவு மேல்மட்டம் வரை ஊறி, நீர் சரிவோடு கசிவதாகப் போட்டார்: 1.01! துகள்களுக்கிடையே நீர் புகுந்து அழுத்துவதால் உராய்வு கிட்டத்தட்ட பாதியாகிவிடுமாம். எடை மட்டும் கூடுமே தவிரக் குறையாது.

அந்த ஒட்டுத்திறன் 14-ம் எங்கள் மண்ணுடையது இல்லை. லேப் ஷீட் கேட்டபோது வந்த தாளில் வேறொரு ஊர் சைட்டின் பெயர் இருந்தது. 14-க்குப் பதில் 8 என்று போட்டால் ஊறிய சரிவுக்கு 0.77தான் வருகிறது.

கன்சல்டன்ட் கடைசியாகப் போனை எடுத்தபோது சொன்னது: "சார், அது அப்ரூவலுக்குக் கொடுத்த ரிப்போர்ட்."

சுவரை இடித்து, வடிகாலோடு திரும்பக் கட்ட இதுவரை 3 லட்சத்துக்கு மேல் போய்விட்டது. உங்களிடம் யாராவது ரிப்போர்ட் நீட்டினால், போர் சரிவில் போடப்பட்டதா, எந்த மாதத்தில், உங்கள் மனையின் பெயரோடு லேப் ஷீட் உண்டா, மழைக்கால நீர்மட்டத்துக்குத் தனிக் கணக்கு உண்டா என்று கேளுங்கள். இவை கைக்கு வரும்வரை பாதிப் பணத்தைப் பிடித்து வையுங்கள்.