மார்கழிக் கொட்டகைக்கு விளக்கு: அந்தியிலா, விடியலுக்கு முன்பா?

ஐப்பசி அடைமழை பிடித்ததுமே எங்கள் பக்கம் கோழி வளர்ப்பவர்கள் புலம்ப ஆரம்பித்துவிடுவார்கள்: "முட்டை நின்னு போச்சு." விளக்குப் போட்டால் முட்டை வரும் என்பது உண்மைதான். நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் வெளிச்சம் இருந்தால் கோழியின் மூளை அதை உணர்ந்து முட்டைக்கான சுரப்புகளைத் தூண்டிவிடும்.

ஆனால் குளிர்நாடுகளில் பகல் எட்டு மணி நேரமாகச் சுருங்குவதுபோல இங்கே சுருங்குவதில்லை. தஞ்சாவூரில் மார்கழிப் பகல் ஏறக்குறைய பதினொன்றரை மணி நேரம், ஆனியில் பன்னிரண்டே முக்கால். ஒண்ணேகால் மணி நேரம்தான் வித்தியாசம். அதனால் முட்டை குறைந்தால் முதலில் ஈரத் தரை, பூஞ்சைத் தீவனம், இறகு உதிர்ப்பு மூன்றையும் பாருங்கள். அப்புறம் பல்பு.

சரி, போடுவதாக முடிவு செய்துவிட்டால் எப்போது? அந்தியில் போடுவது சுலபம், நாம் விழித்திருக்கும் நேரம். நானும் முதல் வருஷம் அதைத்தான் செய்தேன். ஒன்பது மணிக்கு சுவிட்சை அணைத்ததும், தரையில் மேய்ந்துகொண்டிருந்தவை அப்படியே இருட்டில் சிக்கிக்கொண்டன. ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தவற்றை, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாகத் தூக்கி, அவை இரவில் அடையும் கட்டையில் ஏற்றினேன். போதாக்குறைக்குச் சம்பா வயலின் பச்சைத் தத்துப்பூச்சி மொத்தமும் பல்பைச் சுற்றி. கோழிக்கு அது விருந்துதான். ஆனால் பூச்சிக்குத் தவளை வரும், தவளைக்குப் பின்னால் பாம்பு வரும்.

விடியலுக்கு முன் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. நாலு மணிக்கு எரியவிட்டால் ஆறரைக்கு வெயில் ஏறும்போது தானாகக் கலந்துவிடும், மாலையில் கோழிகள் இயல்பாகவே கட்டை ஏறிவிடும். மார்கழியில் நாலு மணிக்கு எழ முடியாதவர்கள் டைமர் மாட்டிக்கொள்ளலாம். என் ஓட்டு இதற்குத்தான். வாரத்துக்கு அரை மணி வீதம் கூட்டிக்கொண்டு போங்கள்.

பல்பில் போட்டியே இல்லை. சின்னக் கொட்டகைக்கு 9 வாட் எல்இடி ஒன்று போதும். தினம் இரண்டரை மணி எரிந்தால் மாதத்துக்கு ஒரு யூனிட்கூட ஆகாது. 60 வாட் குண்டு பல்புக்கு நாலரை யூனிட். கீற்றுக் கொட்டகையில் அதன் சூடு நெருப்புக்கு வழி, ஒழுகும் சொட்டு பட்டால் வெடிக்கவும் செய்யும். சோலார் விளக்கு கேட்க நன்றாக இருக்கும். கார்த்திகை மேகத்தில் சரியாக சார்ஜ் ஏறாமல், விடியற்காலையில் மினுக்கென்று அணைந்துவிடும்.

கரண்டையும் கணக்கில் வையுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. நீட்டிய வெளிச்சம் திடீரென்று அறுந்தால் கோழி இறகை உதிர்த்துவிட்டு முட்டையை நிறுத்திவிடும்.

கிராமப்பிரியா மாதிரி முட்டைக்கென்றே உருவாக்கிய ரகங்களுக்கு இந்தச் செலவு தகும், கூடவே கிளிஞ்சல் தூள் வைத்தால். இல்லையென்றால் ஓடு தோல்மாதிரி வரும். நாலரை மாதம் ஆகாத விடைக்கோழிக்கு வேண்டாம். நாட்டுக்கோழி வேறு கதை. பத்துப் பன்னிரண்டு முட்டை வைத்ததும் அதற்கு அடை நினைப்பு வந்துவிடும். எங்கள் சிறுவிடை நாட்டுக்கோழி ஒன்று எல்இடிக்கு நேர் கீழேயே இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கிட்டப் போனால் கொத்த வந்தபடி இருபத்தொரு நாள் உட்கார்ந்திருந்தது.