துபாய் செட் என்று சொல்லி ஜப்பான் செட்டைத் தலையில் கட்டிவிட்டார்கள்: ஸ்விட்ச் 2 வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

பாலக்காடு, பொள்ளாச்சி, கோயமுத்தூர் பக்கம் நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 என்ற வீடியோ கேம் செட்டைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். ஓணம் போனஸோடு சேமிப்பையும் போட்டு 52,000 ரூபாய்க்கு நான் வாங்கி வந்த பெட்டிக்கு ஜப்பானிய மொழியைத் தவிர வேறெதுவும் தெரியாது.

எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை. வீட்டில் தமிழ், கஞ்சிக்கோட்டில் ஷிப்ட் வேலையில் மலையாளம், சூப்பர்வைசருக்குக் கோபம் வந்தால் இந்தி. இப்படி மூன்று மொழியில் பேரம் பேசத் தெரிந்தவனைத்தான் ஏமாற்றியிருக்கிறார்கள்.

ஸ்விட்ச் 2 வெளியானது 2025 ஜூன் 5. நான்கே நாளில் உலகம் முழுக்க 35 லட்சம் செட்டுக்கு மேல் விற்றது. நான் வாங்கும்போது இந்தியாவில் அதிகாரப்பூர்வ விற்பனை கிடையாது. யாராவது வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்தால்தான் உண்டு. எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் கல்ஃபில் இருப்பதால் அப்படிச் சாமான் வாங்குவது புதிதல்ல. பாலக்காட்டில் ஒரு கடையில் ஸ்டாக் இருப்பதாகக் கேள்விப்பட்டு வாட்ஸப்பில் கேட்டேன். 'துபாய் பீஸ் வந்திருக்கு' என்று பதில் வந்தது. அந்த மெசேஜை இன்றுவரை அழிக்கவில்லை.

ஓணத்துக்கு முந்தின சனிக்கிழமை அக்கா பையனையும் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடி மேஜை மேல் ஒரு செட்டை ஓடவிட்டிருந்தார்கள். 7.9 இஞ்சுத் திரை. பழைய ஸ்விட்ச் வைத்திருந்தவனுக்கு அதைப் பார்த்ததும் மனசு அங்கேயே விழுந்துவிட்டது. ஓரத்தில் மாட்டும் கைப்பிடி கன்ட்ரோலரை, அதாவது ஜாய்கானை, பக்கத்தில் கொண்டு போனால் காந்தம் இழுத்து டக்கென்று ஒட்டிக்கொள்கிறது. அதைக் கழற்றி மேஜையில் சாய்த்து வைத்துத் தேய்த்தால் மவுஸ் மாதிரி வேலை செய்கிறது. மரியோ கார்ட் வேர்ல்ட் என்ற கார் பந்தய கேமில் ஒரே பந்தயத்தில் 24 வண்டி. பையன் நகர மாட்டேன் என்கிறான். மெனு எல்லாம் ஆங்கிலம். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: டிஸ்ப்ளே செட்டில் ஆங்கிலம்.

ஜப்பானில் இதை இரண்டு விதமாக விற்கிறார்கள் என்று அரைகுறையாகத் தெரியும். அதனால் கேட்டேன், "இது ஜப்பான் செட் இல்லையே?"

"ஒரு கொழப்பவும் இல்ல சேட்டா, துபாய் செட்டாணு. லேங்குவேஜ் ஒக்கே செட்டிங்ஸில் மாத்தாம்" என்றான் கவுண்டரில் நின்ற பையன். மொழியெல்லாம் செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளலாம் என்று அர்த்தம்.

உள்ளேயிருந்து சீல் உடைக்காத பெட்டி வந்தது. பிரித்துக் காட்டச் சொன்னேன். சீல் உடைத்தால் ரிட்டர்ன் கிடையாது, வீட்டில் போய் நிதானமாகப் பிரியுங்கள் என்றார்கள். அப்போது அது நியாயமாகப் பட்டது, அதுதான் கொடுமை. கார்டு போட்டால் 2,000 கூடுதல் என்றதால் 20,000 ரொக்கம், மீதி ஜிபே. பில் கேட்டதற்கு எஸ்டிமேட் சீட்டில் 'கேம் செட் 1' என்று எழுதிக் கொடுத்தார்கள். கூடவே மெமரி கார்டு ஒன்று, 2,400 ரூபாய், "இது கண்டிப்பா வேணும்" என்று.

வீட்டில் பெட்டியைப் பிரித்ததும் முதலில் சார்ஜர்தான் கண்ணில் பட்டது. தட்டையாக இரண்டு கால். துபாயிலிருந்து மாமா கொண்டு வந்த மிக்ஸி, அயர்ன் பாக்ஸ் எல்லாவற்றுக்கும் தடித்த மூன்று கால் பிளக் என்பது எங்கள் வீட்டில் குழந்தைக்கும் தெரியும். அங்கேயே நெஞ்சு திக்கென்றது. ஆன் செய்தால் திரை முழுக்க ஜப்பானிய எழுத்து. செட்டிங்ஸைத் தேடித் தேடிப் போனேன். மாற்ற வேறு மொழியே இல்லை. போன் கேமராவில் மொழிபெயர்ப்பு ஆப்பைத் திறந்து பெட்டியின் மேல் காட்டினேன். ஜப்பானிய மொழி, உள்நாட்டுக்கு மட்டும் என்று வந்தது. கடையில் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்த அதே பெட்டி.

ராத்திரி முழுக்கத் தேடிப் படித்ததில் தெரிந்தது இது. ஜப்பானில் உள்நாட்டு மாடலின் விலை அப்போது 49,980 யென். நம் காசுக்குச் சுமார் 30,000 ரூபாய். பல மொழிகள் உள்ள மாடல் அப்போது 69,980 யென். விலை குறைந்த மாடலில் சிஸ்டம் மொழி ஜப்பானியம் மட்டும். ஜப்பான் என்று பதிந்த நிண்டெண்டோ அக்கவுண்ட்டைத்தான் அதில் இணைக்க முடியும். சரி, அக்கவுண்ட்டின் நாட்டை மாற்றிவிடலாம், அது இலவசம். ஆனால் கேம் வாங்கும் ஆன்லைன் கடையான ஜப்பான் இ-ஷாப்பில் வெளிநாட்டு கிரெடிட் கார்டை 2025 மார்ச் கடைசியிலேயே நிறுத்திவிட்டார்கள். நம் கார்டு அங்கே செல்லாது. ஜப்பான் ப்ரீபெய்ட் கார்டு தேடி வாங்க வேண்டும். சில கேம்களுக்கு உள்ளேயே மொழி மாற்றும் வசதி உண்டு, அவை ஆங்கிலத்தில் ஓடுகின்றன. சிஸ்டம் மொழியைப் பார்த்துத் திறக்கும் கேம்கள் ஜப்பானியத்தில்தான் பேசும். ஜப்பானில் இருப்பவருக்கு இது மலிவான நல்ல பெட்டி, நிண்டெண்டோ அதை மறைக்கவும் இல்லை. அதைத் துபாய் செட் என்று விற்றவன்தான் திருடன்.

மெமரி கார்டு கதை தனி. ஸ்விட்ச் 2-வில் கேம் சேமிக்க மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் கார்டுதான் வேண்டும். அவர்கள் தந்தது போனில் போடும் சாதாரண மைக்ரோ எஸ்டி. பழைய ஸ்விட்ச்சில் எடுத்த படங்களை மாற்றிக்கொள்ள உதவும், அவ்வளவுதான். உள்ளேயே 256 ஜிபி இருக்கும்போது முதல் நாளே கார்டு எதற்கு என்று எனக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

திங்கட்கிழமை லீவு போட்டுக் கடைக்குப் போனேன். முதலில் அடையாளமே தெரியாத மாதிரி நின்றார்கள். வாட்ஸப் மெசேஜைக் காட்டியதும் முதலாளி வந்தார். சீல் உடைத்தாகிவிட்டது, வேண்டுமானால் 35,000-க்குத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றார். இரண்டு நாளில் 17,000 போச்சு. நான் சத்தம் போட ஆரம்பித்ததும் கவுண்டர் பையன் சமாதானமாக, "விடுங்க சேட்டா, ஃப்ரீயா டெம்பர் கிளாஸ் ஒட்டித் தரேன்" என்று செட்டை வாங்கி, திரையின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்தான். ஸ்விட்ச் 2 திரைமேல் கம்பெனியே ஒட்டிய ஒரு ஃபிலிம் இருக்கிறது. கண்ணாடி உடைந்தால் சிதறாமல் இருக்கத்தான் அது, உரிக்கக் கூடாது. கையைத் தட்டிவிட்டுப் பிடுங்கிக்கொண்டேன். ஃபிலிமைப் பற்றி இவ்வளவு படித்து வைத்திருந்தவன் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. அக்கா இதைச் சொல்லிச் சொல்லியே இன்னும் சிரிக்கிறாள்.

திருப்பிக் கொடுக்கவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிந்தேன். கடையிலிருந்து பதில் இல்லாததால் இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு ஆன்லைனில் புகார் போட்டிருக்கிறேன். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. விற்ற கடை எங்கே இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். எல்லை தாண்டி வந்து வாங்கும் பொள்ளாச்சிக்காரர்களுக்கு இது உதவும். என்னிடம் இருப்பது ஜிபே ரசீது, வாட்ஸப் மெசேஜ், அந்த எஸ்டிமேட் சீட்டு. ரொக்கமாகக் கொடுத்த 20,000-க்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. புகார் நடப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை. கமெண்ட்டில் கேட்காதீர்கள்.

அக்கா பையன் எழுத்தின் வடிவத்தைப் பார்த்தே எந்த பட்டன் எதற்கென்று பழகிக்கொண்டான். 'ஹை' என்றால் சரி, 'இய்யே' என்றால் வேண்டாம் என்று எனக்குப் பாடம் எடுக்கிறான். ஆட்டம் என்னவோ அருமையாகத்தான் ஓடுகிறது, அதைப் பார்க்கும்போதுதான் வயிறு இன்னும் எரிகிறது.

போன வாரம் அந்த வழியாகப் போனேன். கண்ணாடி மேஜையில் அதே டிஸ்ப்ளே செட், அதே ஆங்கில மெனு. முன்னால் ஒருவர் மகளோடு நின்று ஜாய்கானைக் கழற்றி ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போய், "அண்ணா, காசு குடுக்கறதுக்கு முன்னாடி இங்கயே பிரிச்சு ஆன் பண்ணிக் காட்டச் சொல்லுங்க" என்றேன். கவுண்டர் பையன் என்னை முறைத்தான். அவர் பெட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அதற்குள் கொழிஞ்சாம்பாறை பஸ் வந்துவிட்டது.