கலாமின் திட எரிபொருள், நம்பியின் திரவ எரிபொருள்

ராமேஸ்வரத்துக் கலாமும் நாகர்கோவில் நம்பி நாராயணனும் கேரளத்தின் தும்பா ராக்கெட் ஏவுதளத்தில் ஒரே காலத்தில் உழைத்த விஞ்ஞானிகள். கலாம் தலைமையில் உருவான எஸ்.எல்.வி-3 ராக்கெட்டின் நான்கு அடுக்குகளும் திட எரிபொருள்தான். 1980 ஜூலையில் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. செய்வதற்கு எளிது, ஆனால் பற்றவைத்துவிட்டால் நிறுத்த முடியாது.

நம்பி பிடித்துக்கொண்டது திரவ எரிபொருளை. குழாய், வால்வு, பம்ப் என்று சிக்கல் அதிகம். அப்புறம் என்ன லாபம்? அதே எடைக்குக் கூடுதல் உந்தம், நினைத்த நேரத்தில் அணைக்கலாம். பிரெஞ்சுத் தொழில்நுட்பத்தைக் கற்றுவந்து உருவாக்கிய விகாஸ் எஞ்சின் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டிலும் சந்திரயான்-3ஐ ஏற்றிய ராக்கெட்டிலும் எரிந்தது. கனமான செயற்கைக்கோளுக்கு நம்பியின் வழியே சரி என்பேன்.

கலாம் 2002இல் குடியரசுத் தலைவரானார். நம்பியோ 1994இல் பொய்யான உளவு வழக்கில் கைதானார். உச்ச நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது 2018இல்தான். இந்தத் தாமதம் இன்றும் வலிக்கிறது.