பிள்ளைகளுக்கு மட்டுமா, பெற்றோருக்கும் சேர்த்தா?

அமெரிக்காவில் அரசு மருத்துவக் காப்பீட்டை இரண்டு விதமாக விரிவாக்கிப் பார்த்தார்கள். 1997-இல் வந்த சிப் திட்டம் முக்கியமாகப் பிள்ளைகளுக்கானது. ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டு கிடைக்காத, தனியார் காப்பீடும் கட்டுப்படியாகாத வீட்டுப் பிள்ளைகள் பலனடைந்தார்கள். செலவும் குறைவு. சரி, அம்மா ஆஸ்பத்திரியில் படுத்தால்? அந்த பில் மொத்தக் குடும்பத்தின் தலையில்தான் விழும்.

‘ஒபாமாகேர்’ எனப்படும் 2010 மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் மெடிக்கெய்டு விரிவாக்கம் வறுமைக்கோட்டில் 138 சதவீதம் வரை வருமானமுள்ள பெரியவர்களையும் சேர்த்தது. எனக்கு இதுவே சரியாகப் படுகிறது, செலவு கூடினாலும். பெற்றோர் பதிவு செய்யும்போது, தகுதியிருந்தும் விடுபட்டிருந்த பிள்ளைகளும் கூடவே உள்ளே வருகிறார்கள். ஆனால் 2012 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் இது மாநிலங்களின் விருப்பம். டெக்சாஸ் இன்னும் சேரவில்லை.