மாம்பழம் ஏற்ற எது சரி: மூங்கில் கூடையா, பிளாஸ்டிக் கிரேட்டா, மரப்பெட்டியா?

போச்சம்பள்ளிப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் மாந்தோப்பு. பாதிக்கு மேல் பெங்களூரா. மீதி செந்தூரா, பங்கனப்பள்ளி, வேலியோரம் பத்து இமாம் பசந்த். பெங்களூராவுக்குப் பெட்டியே தேவையில்லை. மாங்கூழ் ஆலைக்குப் போகிற காயை லாரியில் கொட்டி ஏற்றினால் போதும். கவலையெல்லாம் கையில் எடுத்து, மோந்து பார்த்து வாங்குகிற பழத்துக்குத்தான். ஒரு கறுப்புத் தடம் விழுந்தால் அந்தப் பழம் இரண்டாம் ரகம்.

அப்பா காலத்தில் மூங்கில் கூடை. பிறகு சில ஆண்டுகள் பிளாஸ்டிக் கிரேட். மூன்று பருவங்களுக்கு முன் நாற்பது மரப்பெட்டி செய்து வாங்கினேன். மூன்றையும் தூக்கிச் சுமந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். என் மனம் மரப்பெட்டிப் பக்கம்தான். ஏன் என்று சொல்வதற்கு முன் மற்ற இரண்டுக்கும் உரிய மரியாதையைச் செலுத்திவிடுகிறேன்.

மூங்கிலைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. ஒகேனக்கல் பரிசலைச் சுமந்து நிற்பதே மூங்கில் பின்னல்தான். அந்த வளைவும் வலுவும் வேறு எதற்கும் இல்லை. கூடை எடை குறைவு, காற்று தாராளமாகப் போகும், வாய் அகலம் என்பதால் காலிக் கூடைகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி இருபது கூடையை ஒரே கட்டாகக் கொண்டுவரலாம். 2017இல் இந்திய வனச் சட்டத்தைத் திருத்தி, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை மரம் என்ற வரையறையிலிருந்து நீக்கிய பிறகு, பட்டா நிலத்து மூங்கிலை வெட்டி விற்பதும் எளிதாகிவிட்டது. ஆனால் கூடைமேல் கூடை அடுக்கினால் மேல் கூடையின் அடிப்பாகம் கீழ்க் கூடைப் பழத்தின் மேல்தான் உட்காரும். தலைச்சுமையாகச் சந்தைக்குப் போன காலத்தில் அது பிரச்சினை இல்லை. வண்டியில் நான்கு அடுக்கு ஏற்றும்போது பிரச்சினை. வைக்கோலை எவ்வளவு அடைத்தாலும் பின்னலின் முண்டு பழத்தில் பதிந்துவிடும்.

பிளாஸ்டிக் கிரேட்டின் நன்மை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ராயக்கோட்டை, பாலக்கோடு தக்காளி மண்டிகளில் நின்று பார்த்தால் போதும். தண்ணீர் ஊற்றிக் கழுவலாம், அளவு மாறாது, அடுக்கினால் கோபுரம்போல் நிற்கும். தினமும் தக்காளி பறிக்கிறவர்களுக்கு நான் மரப்பெட்டியைப் பரிந்துரைக்கவே மாட்டேன். அவர்களுக்கு அதைக் கழுவிக் காயவைக்க நேரம் கிடையாது.

இனி மரப்பெட்டி. முதலில் மரம். தைல மரம் கனம். காயும்போது முறுக்கிக்கொள்ளும், வெடிக்கும். மாமரப் பலகை இங்கே தாராளமாகக் கிடைக்கும். பழைய தோப்பை அழித்தால் மில்லுக்குத்தான் வரும். ஆனால் சீக்கிரம் பூஞ்சணக் கறை ஏறும், துளைப்பூச்சியும் விடாது. நான் எடுத்தது மலைவேம்பு. இலேசான மரம், ஆணி இறங்கும்போது பிளக்காது, இழைத்தால் வழவழப்பாக வரும். என் அளவு உள்பக்கம் 45 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 20 உயரம். ஏறக்குறைய 15 கிலோ பழம் பிடிக்கும். காலிப்பெட்டி இரண்டு கிலோ சுமாருக்கு நிற்கிறது. மாமரத்தில் செய்திருந்தால் மூன்றை நெருங்கியிருக்கும். இதைவிட ஆழமாகச் செய்யச் சொல்லி மண்டியில் ஒருவர் வற்புறுத்தினார், நான் கேட்கவில்லை. ஆழம் கூடக் கூட அடியில் கிடக்கிற பழம்தான் மேலுள்ள பாரம் முழுவதையும் தாங்குகிறது.

முதல் பருவத்தில் தவறு செய்தேன். மில்லில் அறுத்த ஈரப் பலகையிலேயே அவசரமாகப் பெட்டி அடிக்கச் சொன்னேன். மே மாத வெயிலில் பத்து சென்டிமீட்டர் அகலப் பலகை அரை சென்டிமீட்டருக்கு மேல் சுருங்கிவிட்டது. மரம் நீளவாக்கில் பெரும்பாலும் மாறாது, அகலவாக்கில்தான் சுருங்கும். இடைவெளிகள் அகன்று, ஆணிகள் தளர்ந்து, ஒரு பெட்டியின் அடிப்பலகை பழத்தோடு கழன்று வண்டித் தளத்தில் விழுந்தது.

அடுத்த சுற்றுக்குப் பலகையை இடையிடையே காற்றுப் போகக் குச்சி வைத்து அடுக்கி, நிழலில் மூன்று மாதம் காயவைத்தோம். ஆசாரி ஒரு பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, மூலையை விரலால் தட்டிக் காட்டினார். “பெட்டி கெடுவது பலகையால் இல்லை தம்பி, ஆணியால்” என்றார். முதல் பெட்டிகளில் பக்கப் பலகையை நேராக முகப்புப் பலகையின் வெட்டுமுனையில் ஆணி அடித்துச் சேர்த்திருந்தோம். வெட்டுமுனையில் ஆணியின் பிடி கணிசமாகக் குறையும், ஏனென்றால் அங்கே ஆணி மர நாருக்குக் குறுக்கே போகாமல் நாரோடு போகிறது. இரண்டாம் முறை நான்கு மூலையிலும் முக்கோணக் கட்டை நிறுத்தி, எல்லா ரீப்பரையும் (பெட்டியின் ஒடுக்கமான பலகைகள்) அதன் பக்கவாட்டில் குறுக்காக அடித்தோம். அந்தக் கட்டையை ரீப்பரைவிட ஒன்றரை சென்டிமீட்டர் உயரமாக விட்டதால், மேலே அடுக்குகிற பெட்டியின் பாரம் கட்டைவழியே தரைக்கு இறங்குகிறது. பழத்தின் மேல் எதுவும் உட்காராது. மூங்கில் கூடையால் முடியாதது இதுதான்.

இன்னொன்று, விளிம்பு. சந்தையிலிருந்து திரும்பி வந்த ஒரு செந்தூராவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் கறுப்புத் தடம் இருந்தது. பழத்தைக் காலிப்பெட்டியில் அதே இடத்தில் வைத்துப் பார்த்தேன். ரீப்பரின் கூரான விளிம்புக்கும் தடத்துக்கும் மயிரிழை வித்தியாசம் இல்லை. அறுத்தபோது தோலுக்குக் கீழே ஒரு விரல் ஆழம் சதை மாவாகக் குழைந்திருந்தது. அன்றிலிருந்து உள்பக்க விளிம்பு எல்லாவற்றையும் இழைப்புளியால் சீவி, உப்புத்தாள் தேய்த்துத்தான் அடிக்கிறோம். பெட்டிக்குக் கால் மணி நேரம் கூடுதல் வேலை. இதைத் தவிர்க்கப் பார்க்கிறவர் மரப்பெட்டி பக்கம் வரவே வேண்டாம்.

இப்போது என்னை மரத்தின் பக்கம் நிறுத்திய காரணத்துக்கு வருகிறேன். அது பராமரிப்பு. மரத்துக்குப் பராமரிப்பு அதிகம் என்பதுதான் பொதுவான பேச்சு, அதில் உண்மையும் உண்டு. ஆனால் பராமரிப்பு அதிகம் என்பதும், பராமரிக்க முடியும் என்பதும் வேறு வேறு. எங்கள் பிளாஸ்டிக் கிரேட்டுகள் வாங்கிய முதல் வருடம் புத்தம்புதிதாக இருந்தன. தோப்பில் வெயிலில் கிடந்து கிடந்து நிறம் வெளுத்தது, பிறகு மூலையிலும் கைப்பிடியிலும் விரிசல் விட்டது. கைப்பிடி உடைந்த கிரேட் முடிந்த கிரேட். அந்தப் பிளாஸ்டிக்கில் கடைப் பசை எதுவும் ஒட்டாது. சூடான கம்பியால் உருக்கி ஒட்டிப் பார்த்தேன், பாரம் ஏற்றியதும் அதே இடத்தில் விட்டுப்போனது. விரிசலின் விளிம்பு கத்திபோல் கூர்மை, அதில் கிழிந்த பழங்களும் உண்டு. கடைசியில் எடைக்குப் போட்டோம்.

மரப்பெட்டியில் உடைவது ஒரு ரீப்பர். ஆணியைப் பிடுங்கி, காய்ந்த வேறொரு ரீப்பரை அடிக்கப் பத்து நிமிடம். அதற்காகவே எல்லாப் பெட்டியிலும் நீள ரீப்பர் ஒரே அளவு, குறுக்கு ரீப்பர் ஒரே அளவு என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்துகொண்டேன். கொட்டகையில் இரண்டு கட்டு எப்போதும் இருக்கும். பறிப்பு நடக்கிற நாளில்கூட, காம்பு கிள்ளிக்கொண்டிருக்கும் அத்தைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பெட்டியைச் சரிசெய்துவிடலாம். ஒவ்வொரு பருவத்துக்கு முன்பும் ஒரு நாள் ஒதுக்குகிறேன். பெட்டியின் உள்பக்கம் முழுக்கக் கையால் தடவிப் பார்ப்பேன். தலை தூக்கிய ஆணி இருந்தால் பார்வைக்குத் தெரியாது, உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். அதைத் தட்டி உள்ளே இறக்க வேண்டும். தளர்ந்திருந்தால் அதே துளையில் அடிக்காமல் அரை இஞ்ச் தள்ளி அடிக்க வேண்டும். மூன்று பருவத்தில் பல பெட்டிகளுக்கு ரீப்பர் மாற்றியிருக்கிறேன். முழுப் பெட்டியாகத் தூக்கி எறிந்தது அந்த முதல் சுற்று ஈரப்பலகைப் பெட்டிகளை மட்டும்தான்.

மரம் கேட்கிற உழைப்பை மறைக்க மாட்டேன். மாம்பால் பட்டால் பலகை உறிஞ்சிக்கொள்ளும், கழுவினாலும் கறை போகாது. அதனால் ஒரு சென்டிமீட்டர் காம்போடு பறித்து, தோப்பிலேயே காம்பு கிள்ளிக் கவிழ்த்து வைத்து, பால் வடிந்த பிறகே பெட்டிக்கு எடுக்கிறோம். அடியில் செய்தித்தாளும் விரிக்கிறோம். பெட்டியைக் கழுவினால் நல்ல வெயிலில் காய வேண்டும், ஈரத்தோடு அடுக்கினால் பூஞ்சணம். பருவம் முடிந்ததும் கல்லின் மேல் தூக்கி வைக்காவிட்டால் கரையான் வந்துவிடும். பழத்தில் கரும்புள்ளி கண்டால் பெட்டியைத் திட்டுகிறவர்கள் உண்டு. அந்தப் பூஞ்சை பெரும்பாலும் மரத்தில் இருக்கும்போதே பிஞ்சில் தொற்றி ஒளிந்திருந்து, பழுக்கும்போது வெளியே தெரிவது. அதற்குப் பெட்டி பொறுப்பல்ல.

காலிப்பெட்டி திரும்புவது தனிக் கதை. பெங்களூருக்கு இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். தெரிந்த மண்டி என்றால் மறுநாள் வண்டியில் பெட்டி திரும்பும், தெரியாத மண்டி என்றால் எந்தப் பெட்டியும் திரும்பாது. சாதாரணக் கிரேட்டும் மரப்பெட்டியும் காலியாக இருந்தாலும் நிறைந்த அளவு இடத்தையே அடைக்கும். இதில் மூங்கில் கூடைக்குத்தான் வெற்றி. நான் திரும்பி வரும் என்று தெரிந்த இடத்துக்கு மட்டுமே மரப்பெட்டியில் அனுப்புகிறேன், மற்றவர்களுக்கு அட்டைப்பெட்டி.

என் அனுபவம் மாம்பழத்தோடும் மூன்று பருவத்தோடும் நிற்கிறது. கொய்யாவுக்கும் சீத்தாவுக்கும் இதே ஆழம் பொருந்துமா என்று நான் பார்த்ததில்லை. சீத்தாப்பழத்தின் மென்மைக்கு இன்னும் ஆழம் குறைந்த பெட்டி வேண்டியிருக்கும் என்று தோன்றுகிறது. ஏற்றுமதி செய்ததும் இல்லை. அதற்கு விதி வேறு. ஆறு மில்லிமீட்டருக்கு மேல் தடிமனான, ஒட்டுப்பலகை அல்லாத, அப்படியே அறுத்த மரத்தில் செய்த பெட்டி என்றால், பலகையின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடமாவது சூடேறியிருக்க வேண்டும், அல்லது அங்கீகரித்த வேறு முறையில் பூச்சி நீக்கி, முத்திரை குத்தியிருக்க வேண்டும். என் ரீப்பர் பத்து மில்லிமீட்டர். அந்த வழியில் போகிறவர்கள் என் பெட்டியை அப்படியே பின்பற்ற வேண்டாம்.

வரும் பருவத்துக்கு இன்னும் இருபது பெட்டி சொல்லியிருக்கிறேன். கைப்பிடிக்குத் துளை போடாமல், குறுக்குப் பக்கத்தின் மேல் ரீப்பருக்குக் கீழே நான்கு விரல் நுழைகிற இடைவெளி விடச் சொன்னேன். துளை போட்ட இடத்தில்தான் பலகை முதலில் விரிகிறது. பலகை வந்து இறங்கிவிட்டது, கொட்டகையில் குச்சி வைத்து அடுக்கியிருக்கிறோம். மாசி முடியும் வரை அதில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்று ஆசாரியிடம் நானே சொல்லிவிட்டேன்.