மாப்பிள்ளைச் சம்பாவா, சி.ஆர். 1009-ஆ?

மன்னார்குடிப் பக்கம் டீக்கடையில் இந்தச் சண்டை ஓய்ந்ததே இல்லை. முன்னது சிவப்பரிசி தரும் பாரம்பரிய நெல், பின்னது விஞ்ஞானிகள் உருவாக்கிய நெல் ரகம். இரண்டுக்கும் வயது ஏறக்குறைய 5 மாதம், வித்தியாசம் உயரத்தில். மாப்பிள்ளைச் சம்பா நெடுநெடுவென வளரும், கார்த்திகை மழைத் தண்ணீர் நின்றாலும் தலை தெரியும். யூரியாவை அள்ளிப் போட்டால் படுத்துவிடும். ஈரத்தில் கிடந்த கதிரில் வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும். குட்டையான 1009 உரத்துக்குத் தாங்கும், விளைச்சலும் கூடுதல். கொள்முதல் நிலையத்தில் போட்டுவிடலாம். சிவப்பரிசிக்கோ வாங்குகிறவரை நாம்தான் தேட வேண்டும்.

‘விஞ்ஞானம் மண்ணைக் கெடுத்தது’ என்பவர்களுக்கு ஒன்று: 1009-ஐ மேம்படுத்தி வந்த, 2 வாரம் மூழ்கினாலும் பிழைக்கும் 1009 சப்-1 ரகத்துக்கு அந்தக் குணம் வந்ததே ஒடிசாவின் பழைய நெல்லிலிருந்துதான்.

கடன் அடைக்க 1009 போடுவேன். நீராகாரத்துக்கு மட்டும் சிவப்பரிசி, அதில் பேச்சே இல்லை.